74 நிமிஷத்தில் ஒரு கல்யாணம்

இந்த எபிசோடு ஒரு எண்ணோட வரலாறு. எண் 74.

2000-க்கு அப்புறம் ஒரு ஏழெட்டு வருஷம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் நடந்த கல்யாணங்கள்ல எதெல்லாம் வீடியோவில் மிஞ்சணும்னு முடிவு பண்ணது மண்டபக்காரர் இல்ல, ஐயர் இல்ல, ஹஜ்ரத்தும் இல்ல. இந்த 74-தான். ஒரு சிடியில் 74 நிமிஷம் வீடியோ. அவ்வளவுதான் கணக்கு.

வீடியோ கன்வர்ட் பண்ற எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் கட்டம் கட்டமா கேள்வி வரும். ரெசல்யூஷன் என்ன? ஃப்ரேம் ரேட் 25-ஆ, 30-ஆ? ஆடியோ 44,100-ஆ, 48,000-ஆ? பிட்ரேட் எவ்வளவு? பெரும்பாலானவங்க இருக்கிறதுலேயே பெரிய எண்ணைத் தட்டிட்டு ஓகே கொடுத்துடுவாங்க. பெரிய எண் நல்லதுதானேன்னு ஒரு நம்பிக்கை. ஆனா இந்த எண்கள் எதுவுமே "எது அழகா இருக்கும்"னு யோசிச்சு மட்டும் வந்ததில்லை. ஒண்ணு கரண்டுல இருந்து வந்தது, ஒண்ணு சிடி சுத்துற வேகத்துல இருந்து வந்தது, ஒண்ணு டெலிபோன்ல இருந்து வந்தது. எது எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சிடும். இன்னைக்கு நான் சொல்ல வர்றது இதுதான்.

முதல்ல கரண்ட். இந்தியாவுல வீட்டுக்கு வர்ற மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுல 60. ஆரம்பகால டிவி டிசைன் பண்ணவங்க, திரை மாறுற வேகத்தை கரண்டோட வேகத்துக்குப் பொருத்திட்டாங்க. இல்லன்னா படத்துல கருப்புப் பட்டை மேலயும் கீழயும் ஊர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால நம்ம பக்கம் வினாடிக்கு 50, அவங்க பக்கம் 60. ஆனா வினாடிக்கு 50 முழுப் படம் அனுப்ப அலைவரிசையில் இடம் கிடையாது. அதுக்கு ஒரு தந்திரம்: படத்தை வரி வரியா பிரிச்சு, ஒரு தடவை ஒற்றைப்படை வரிகளை மட்டும், அடுத்த தடவை இரட்டைப்படை வரிகளை மட்டும் அனுப்புறது. ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டுன்னு பேர். 50 ஃபீல்டு சேர்ந்தா 25 ஃப்ரேம். 25-ங்கிற எண் இங்கதான் பிறந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்னைக்குத் தொடங்குச்சு. 1982-ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர் வந்துச்சு. எல்லாமே பால் முறை, 625 வரி, 50 ஃபீல்டு. கல்யாண வீடியோ எடுத்த விஎச்எஸ் கேமராவும் அதே முறைதான்.

இதுல ஒரு வேடிக்கை. சினிமா ஃபிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம். டிவிக்கு 25 வேணும். ஐரோப்பாவுலயும் இங்கயும் செய்த சுலபமான வழி, படத்தை 25 வேகத்துலேயே ஓட்டிடுறது. நாலு சதவீதம் வேகம் கூடும். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும். கூடவே பாட்டோட சுருதியும் ஏறும், கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இருக்கிற தூரத்துல கிட்டத்தட்ட முக்கால்வாசி. இப்படி மாத்தின கேசட்டைக் கேட்டு வளர்ந்த ஒருத்தர், அதே பாட்டை ஆடியோ சிடியில் கேட்கும்போது "என்னமோ மந்தமா இருக்கே"ன்னு சொன்னா அவர் காதைக் குறை சொல்லாதீங்க.

அமெரிக்காவுல 60-ஐப் பாதியாக்கினா 30. 1953-ல கலர் வந்தப்போ, கலர் சிக்னலும் ஆடியோ சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க அதைத் துளி குறைச்சு 29.97 ஆக்கினாங்க. உங்க போன் இன்னைக்கும் 30-ல எடுக்குதுன்னா அந்தப் பரம்பரைதான். ஆம்பூர்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல போன் வீடியோ எடுத்தா சில சமயம் படம் மினுக்கு மினுக்குன்னு துடிக்கும் பாருங்க. 50 ஹெர்ட்ஸ் விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்குது, 30-ஓட அது ஒத்துப்போகாது. அமெரிக்கக் கரண்டும் தமிழ்நாட்டுக் கரண்டும் உங்க கையில சண்டை போடுது.

அதனால முதல் விஷயம். பழைய 25 ஃப்ரேம் வீடியோவை 30-ஆ மாத்தாதீங்க. இல்லாத அஞ்சு ஃப்ரேமை சாஃப்ட்வேர் எங்கிருந்து கொண்டுவரும்? அஞ்சுக்கு ஒண்ணை ரெண்டு தடவை காட்டும். நாதஸ்வர கோஷ்டி நடந்து வர்றப்போ, வினாடிக்கு அஞ்சு தடவை கால் தடுக்குற மாதிரி தெரியும்.

ஆடியோவுல 44,100-ங்கிற எண்ணும் இந்தக் கரண்ட் கதையோட பேரப்பிள்ளைதான். 1970-களோட கடைசியில் டிஜிட்டல் ஒலியைப் பதிவு பண்ண அவ்வளவு கொள்ளளவு இருந்த ஒரே சாதனம் வீடியோ டேப். வீடியோ டேப்பில் படத்துக்குப் பதிலா ஒலியோட எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளா எழுதினாங்க. வரிக்கு 3 சாம்பிள், ஃபீல்டுக்குப் பயன்படுத்தக்கூடிய 294 வரி, வினாடிக்கு 50 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்க, 44,100. அமெரிக்க முறையில் 3 தடவை 245 தடவை 60, அதுவும் 44,100. ரெண்டு ஊர் மெஷின்லயும் ஓடுற எண்ணா இருந்ததால சிடிக்கும் அதையே வெச்சுட்டாங்க. வீடியோ உலகம் 48,000 பக்கம் போயிடுச்சு. உங்க மூலக் கோப்பு எதுவோ அதையே விடுங்க. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறதால ஒலி கூடப் போறதில்லை.

சரி, 74-க்கு வருவோம்.

ஆடியோ சிடி 1982-ல கடைக்கு வந்துச்சு. ஏன் 74 நிமிஷம்னு கேட்டா, பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி முழுசா அடங்கணும்னு சோனிக்காரங்க சொன்னாங்கன்னு ஒரு கதை உலாவுது. பிலிப்ஸ்ல வேலை பார்த்த பொறியாளர் கீஸ் இம்மிங்க், அதெல்லாம் அப்புறம் கட்டின அலங்காரம், உள்ள நடந்தது வியாபாரக் கணக்குன்னு எழுதியிருக்கார். எனக்கு இம்மிங்க் சொல்றதுதான் நம்பும்படியா இருக்கு.

1980-களோட கடைசியில் ஒரு கேள்வி வந்துச்சு. இதே சிடியில், இதே வேகத்துல சுத்தவிட்டு, வீடியோவை அடைக்க முடியுமா? சாதா வேகத்துல சிடி கொடுக்கிறது வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மெகாபிட்தான். எம்பெக்-1-ங்கிற முறையை அந்த எண்ணை மனசுல வெச்சுதான் வடிவமைச்சாங்க. 1993-ல பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நாலு பேரும் சேர்ந்து விசிடி தரத்தை வெளியிட்டாங்க. வெள்ளைப் புத்தகம்னு அதுக்குப் பேர். படத்துக்கு வினாடிக்கு 1150 கிலோபிட். ஒலிக்கு 224. நம்ம ஊர் அளவு 352-க்கு 288. எதையும் மாத்தக் கூடாது.

ஒன்றரை மெகாபிட்டுக்குள்ள அடைக்க எதையெல்லாம் வெட்டினாங்கன்னு பார்க்கணும். டிவி சிக்னல்ல படம் தெரியிற வரி 576. விசிடியில் 288. சரியா பாதி. வழக்கமா செய்த வழி என்னன்னா, ரெண்டு ஃபீல்டுல ஒண்ணைத் தூக்கிப் போட்டுடுறது. அதாவது போனது பாதி வரி மட்டும் இல்ல, பாதி நேரமும். வினாடிக்கு 50 தடவை பதிவான அசைவு 25 ஆயிடுச்சு. மாலை மாத்துறதுல பெருசா வித்தியாசம் தெரியாது. தவில்காரர் கையைப் பாருங்க. டேப்பில் விரல் விரலா தெரிஞ்சது, விசிடியில் கைக்குப் பதிலா ஒரு பழுப்பு மூட்டம்.

இன்னொரு வெட்டு வெளிய தெரியாது. டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டுலயும் 2048 பைட் விஷயமும், மிச்ச இடத்துல கீறல் விழுந்தா சரிபண்ற கூடுதல் கணக்கும் இருக்கும். விசிடியில் அந்தக் கூடுதல் கணக்கை எடுத்துட்டு 2324 பைட் வீடியோ அடைச்சாங்க. 13 சதவீதம் இடம் கிடைச்சுது, பாதுகாப்பு போச்சு. அதனாலதான் பழைய கல்யாண விசிடி பிளேயர்ல திக்கித் திக்கியாவது ஓடும், ஆனா கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணா பாதியில எரர் அடிச்சு நின்னுடும். பிளேயர் கெட்ட துண்டைத் தாண்டிப் போயிடுது. காப்பி அப்படித் தாண்டாது.

நம்ம ஊர்ல விசிடி எப்படிப் பரவுச்சுன்னு உங்களுக்கே தெரியும். திருட்டு விசிடி. அது எவ்வளவு பெரிய தலைவலின்னா 2004-ல தமிழ்நாடு அரசு வீடியோ திருட்டை குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துச்சு. இங்க ஒரு தற்செயல் கணக்கு சொல்றேன்: 150 நிமிஷப் படம் ரெண்டு சிடிக்குள்ள அடங்காது, 148-தான் இடம். ஆனா 25 ஃப்ரேம்ல ஓட்டி 144 ஆயிட்டா அடங்கிடும்.

சினிமாவுக்கு ரெண்டு சிடி. கல்யாணத்துக்கு?

எங்க அப்பா அம்மா கல்யாணம் 1995 தை மாசம், ஆம்பூர்ல. மூணு மணி நேர விஎச்எஸ் கேசட். அம்மா வழித் தாத்தா அங்க ஒரு டேனரியில ஷேவிங் மிஷின்ல வேலை பார்த்தவர். 2003-ல கேசட்டை சிடியா மாத்தக் கொடுத்தாங்க. கடையில கேட்ட ஒரே அவுட்புட் செட்டிங் கேள்வி: "ஒரு சிடியா, ரெண்டா, மூணா?" சிடிக்கு இவ்வளவுன்னு காசு. அப்பா ரெண்டு சொன்னார். 180 நிமிஷத்துல 32 நிமிஷம் போகணும். எது போகணும்னு கடைக்காரப் பையன் முடிவு பண்ணான். பந்தி போச்சு, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பாதி போச்சு. கேசட்டை "இனிமே இது எதுக்கு"ன்னு கடையிலேயே விட்டுட்டு வந்தாங்க. அது அன்னைக்கு எல்லா வீட்லயும் நடந்ததுதான். வேற கல்யாணத்தை அது மேல பதிவு பண்ணியிருப்பாங்க.

ரெண்டாவது சிடியில் தாத்தா நாப்பது வினாடி வர்றார். முகத்துல லைட் அடிக்குது, கண்ணைச் சுருக்கிட்டு, "இன்னாத்துக்குப்பா என் மூஞ்சிமேல லைட்டு அடிக்கிற, பொண்ணு மாப்ளையப் போய்ப் புடி"ன்னு சொல்றார். அப்புறம் சிரிக்கிறார். அவர் 2006-ல போயிட்டார். அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அது தப்பிச்சதே அதிர்ஷ்டம். அந்தக் காலக் கல்யாண வீடியோவுல உண்மையான சத்தமே பெரும்பாலும் இருக்காது. எடிட்டிங்ல மண்டபச் சத்தத்தை அழிச்சுட்டு இளையராஜா பாட்டையோ ரகுமான் பாட்டையோ போட்டுடுவாங்க. யார் என்ன பேசினாங்கன்னு தெரியாது, உதடு மட்டும் அசையும். பிட்ரேட்டால போனதைவிட இப்படிப் போன குரல்தான் அதிகம்னு நான் நினைக்கிறேன். இப்ப அதே வீடியோவை யூட்யூப்ல ஏத்தினா பாட்டுக்குக் காப்பிரைட் வந்து மொத்தமா மௌனம் ஆயிடும். தாத்தா பேசுற இடத்துல எடிட்டர் ஏனோ பாட்டுப் போடல.

விசிடியில் படம் அடி வாங்கினாலும் ஒலி நல்லா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு ஒலிக்குன்னு தரத்துலேயே எழுதிட்டதால வந்த நன்மை. படத்துல தாத்தா மூக்கு ஆறேழு சதுரம். குரல்ல அவர் தொண்டை கரகரப்பு வரைக்கும் இருக்கு.

இதுக்கு அடுத்த கட்டம்தான் நிஜமான சேதம். 2008 வாக்குல எங்க மாமா அந்த நாப்பது வினாடியை வெட்டி 3ஜிபி-யா மாத்தி, புளூடூத்துல சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினார். நோக்கியா போன் காலம். 176-க்கு 144 படம். பேருந்து நிலையம் பக்கத்து மொபைல் கடைங்கள்ல மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தருவாங்களே, அங்க எல்லாமே ரெண்டு வகைதான்: பாட்டுன்னா எம்பி3, வீடியோன்னா 3ஜிபி.

எம்பி3 கொஞ்சம் கௌரவமான ஆள். ஜெர்மனியில ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழு, மனுஷக் காதுக்கு எது கேட்காதோ அதை மட்டும் தூக்கிப் போடணும்னு வருஷக்கணக்கா உழைச்சாங்க. சூசன் வேகாங்கிற பாடகியோட பக்கவாத்தியமே இல்லாத ஒரு பாட்டை வெச்சு காது தேயத் தேயச் சோதிச்சாங்க. வெறும் குரலை ஏமாத்துறது கஷ்டம், அதனால. 1995 ஜூலையில் .எம்பி3-ங்கிற பேர் வெச்சாங்க. 128 கிலோபிட்டில் நிமிஷத்துக்கு ஒரு மெகாபைட், 1 ஜிபி கார்டுல 200 பாட்டு. படார்னு விழுற அடிதான் அதுக்கு ஆகாது: குறைஞ்ச பிட்ரேட்ல தவில் அடி விழுறதுக்கு முன்னாடியே ஒரு 'ஸ்ஸ்' கேட்கும்.

3ஜிபி-க்குள்ள இருந்த ஏஎம்ஆர் வேற ஜாதி. அது டெலிபோன் பேச்சுக்காகச் செய்தது. வினாடிக்கு 8,000 சாம்பிள், அதிகபட்சம் 12.2 கிலோபிட். 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல எதுவும் இல்ல. முக்கியமா, அது ஒலியைப் பதிவே பண்றதில்லைன்னு சொல்லலாம். மனுஷத் தொண்டையும் வாயும் எப்படி இயங்கும்னு ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, அதை இப்படி இப்படி அசைன்னு குறிப்பு மட்டும் எழுதும். தொண்டை இல்லாத எதைக் கொடுத்தாலும் திணறும். நாதஸ்வரத்தைக் கொடுத்தா தண்ணிக்குள்ள யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி வரும். தாத்தா பேசும்போது பின்னாடி மேளம் ஓடிக்கிட்டு இருக்கு. ஏஎம்ஆர் அதையும் அவர் தொண்டைக்குள்ளேயே திணிக்கப் பார்த்துச்சு. என்ன சொல்றார்னு புரியும். அது தாத்தா குரல் இல்ல. ஆனா சொந்தத்துல பாதிப் பேருக்கு இன்னைக்கு தாத்தா குரல்னா அந்த 3ஜிபி குரல்தான், ஏன்னா விசிடி எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு, 3ஜிபி எல்லார் போன்லயும் இருந்துச்சு. அங்கிருந்து வாட்ஸப்புக்கு வந்து, ஃபார்வர்டுக்கு ஃபார்வர்டு இன்னும் தேஞ்சு, போன வருஷம் குடும்ப குரூப்ல யாரோ "ஹெச்டி"ன்னு போட்டு மறுபடி அனுப்பினாங்க. 1920-க்கு 1080. உள்ள இருந்தது அதே 176-க்கு 144.

தாத்தா வேலையை வெச்சு இதைச் சொன்னா சட்டுனு புரியும். ஷேவிங் மிஷின் என்ன பண்ணும்? ஈரமா நீல நிறத்துல இருக்கிற தோலை, வெட்-புளூன்னு சொல்லுவாங்க, வாங்குறவர் கேட்ட தடிமனுக்குச் சீவும். ஷூ மேல்பாகத்துக்கு ஒரு அளவு, கையுறைக்கு ஒரு அளவு. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தப்பினாலும் திட்டு விழும். ரெண்டு மில்லி தோலை ஒண்ணாச் சீவலாம். ஒண்ணை ரெண்டாக்க முடியாது. சீவின தூளைத் திருப்பி ஒட்டினா தோல் ஆகாது. 144 வரியை 1080 ஆக்குறது அந்தத் தூளை ஒட்டுற வேலை.

இந்த தோல் பட்டைக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இருந்து மதராஸ் துறைமுகம் வழியா லண்டனுக்குப் போன 'ஈஸ்ட் இந்தியா' தோல், ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணது. அது முழுசா முடிச்ச தோல் இல்ல. அரைப் பதம். கெடாது, வளையும், ஆனா சாயம், பளபளப்பு, தடிமன் எல்லாத்தையும் வாங்கினவன் அங்க தீர்மானிச்சுப்பான். 1970-கள்ல இந்திய அரசு இந்த அரைப்பதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, முடிச்ச தோலா, செருப்பா அனுப்புங்கன்னு தள்ளினதுதான் இன்னைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனிகள் இவ்வளவு இருக்கிறதுக்கு ஒரு முக்கியக் காரணம். (அதுக்குப் பாலாறு கொடுத்த விலையும், 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தனி எபிசோடு, கண்டிப்பா பண்றேன்.) வியாபாரத்துல அரைப் பதத்தை வித்தது நமக்கு நஷ்டம். ஆனா வீட்டு வீடியோவுக்கு நமக்கு வேண்டியது அதுதான்: கெடாத, ஆனா இன்னும் எதையும் சீவாத ஒரு நிலை.

ஆவணக் காப்பகங்கள் அப்படித்தான் பண்றாங்க. ஒலி ஆவணக் காப்பகங்களோட சர்வதேச சங்கம், பழைய ஒலியை டிஜிட்டல் ஆக்கினா குறைஞ்சது 48,000 சாம்பிள், 24 பிட், எம்பி3 மாதிரி சுருக்கல் எதுவும் கூடாதுங்குது. படத்துக்கு எஃப்எஃப்வி1-னு ஒரு கோடெக் இருக்கு. ஒரு புள்ளிகூட இழக்காம சுருக்கும், யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டாம். 2003-ல எஃப்எஃப்எம்பெக் திட்டத்துல மைக்கேல் நீடர்மேயர் எழுதினது. அந்தத் திட்டத்தையே 2000-ல தொடங்கினவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ங்கிற பிரெஞ்சுக்காரர். நீங்க பயன்படுத்துற கன்வெர்ட்டர் எந்தப் பேர்ல, எந்தக் கலர் பட்டனோட இருந்தாலும் உள்ள ஓடுறது அனேகமா இதுதான்.

இப்ப நான் தாத்தா வீடியோவை என்ன பண்ணேன்னு சொல்றேன்.

3ஜிபி-யைத் தொடல, விசிடிக்குப் போனேன். உள்ள எம்பெகாவ்னு ஒரு ஃபோல்டர், அதுல டேட்னு முடியுற கோப்பு. அது ஏதோ மர்ம ஃபார்மட் இல்ல, எம்பெக்-1-க்கு மேல மெல்லிசா ஒரு உறை. உறையை உரிச்சா போதும். பல கன்வெர்ட்டர்ல இதுக்குக் 'காப்பி' இல்லன்னா 'பாஸ்த்ரூ'ன்னு ஒரு வசதி இருக்கும். படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காம அப்படியே புது டப்பாவுக்கு மாத்தும். முழு சிடியும் கிட்டத்தட்ட 770 எம்பி. அதையே "1080, 8 மெகாபிட்"னு கன்வர்ட் பண்ணா 4.4 ஜிபி வரும், உள்ள புதுசா எதுவும் இருக்காது. கீறல் இருந்த இடத்துல சாதா காப்பி நின்னுடுச்சு. கெட்ட துண்டை விட்டுட்டு மிச்சத்தைப் படிக்கிற ரிகவரி மென்பொருளால எடுத்தேன். அதுதான் மூலம். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு.

அப்புறம்தான் பார்க்கிறதுக்கான காப்பி. இங்க ஒரு அளவு மட்டும் மாத்தணும். 352-க்கு 288-ங்கிறது சதுரப் புள்ளி இல்ல. அப்படியே காட்டினா எல்லாரும் எட்டு சதவீதம் ஒல்லி. அகலத்தை 384 ஆக்கினா முகம் முகமா இருக்கும். டிவியில முழுத்திரைக்கு இழுத்துவிட்டா எல்லாரும் மூணுல ஒரு பங்கு குண்டு. ஓரத்துல கருப்புப் பட்டை இருந்தா இருக்கட்டும். தாத்தா அவ்வளவு அகலம் கிடையாது.

பிட்ரேட்டை எண்ணாக் கொடுக்கல. எச்.264-ல தரத்தைச் சொல்லிட்டு அளவை அதுவே முடிவு பண்ண விடுற முறை இருக்கு, சிஆர்எஃப். வழக்கமான எண் 23. கம்மியான எண்ணுக்குத் தரம் கூடும். நான் 18 வெச்சேன். பழைய வீடியோவுல இரைச்சல் புள்ளிகள் நிறைய, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் மாறும், அதனால பிட்டைத் தின்னும். நல்ல கேமராவுல எடுத்த சுத்தமான படத்தைவிட ஒரு மங்கின டேப் அதிக இடம் கேட்டா ஆச்சரியப்படாதீங்க. ஒலியைச் சுருக்கவே இல்ல, அதே 224 அப்படியே.

வாட்ஸப்புக்குத்தான் எண்ணைப் பார்த்து வேலை. கணக்கு சுலபம்: அளவைக் காலத்தால வகுத்தா பிட்ரேட். 16 எம்பி-க்குள்ள அடைக்கணும்னா, மூணு நிமிஷ வீடியோவுக்கு வினாடிக்கு 700 கிலோபிட் கிடைக்கும், பத்து நிமிஷத்துக்கு 210-தான். அதனால வெட்டி அனுப்புங்க, நசுக்கி அனுப்பாதீங்க. நாப்பது வினாடிக்கு இந்தக் கவலையே இல்ல. டாக்குமெண்டா அனுப்பினேன், வாட்ஸப் மறுபடி சீவாம இருக்க.

அம்மா அதை ஹெட்போன்ல கேட்டாங்க. பேசி முடிச்சதும் "பின்னாடி ஒருத்தர் இருமுறாரே, அது எங்க பெரியப்பா"ன்னு சொன்னாங்க. 3ஜிபி-யில் அந்த இருமலே கிடையாது.

பேரணாம்பட்டுல சித்தி வீட்ல 1998 கல்யாணக் கேசட் இன்னும் கேசட்டாவே இருக்கு. சிடியா மாத்தவே இல்ல, யாரும் கேட்கல. ஓரத்துல லேசா வெள்ளைப் பூஞ்சை பிடிச்சிருக்கு. பிரச்சினை விசிஆர். உலகத்துல கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டு இருந்த ஜப்பானிய கம்பெனி ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திடுச்சு. வேலூர்ல ஒரு டிவி மெக்கானிக்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு, பெல்ட் மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார். பூஞ்சையைச் சுத்தம் பண்ணாம உள்ள விட்டா ஹெட் போயிடும்னு அவரே எச்சரிச்சார், அதனால முதல்ல அந்த வேலை. எடுக்கும்போது 720-க்கு 576, ரெண்டு ஃபீல்டையும் விடாம, எஃப்எஃப்வி1-ல. பார்க்கிற காப்பிக்கு ஃபீல்டுக்கு ஒரு ஃப்ரேம்னு பிரிச்சு வினாடிக்கு 50. தவில்காரர் விரல் தெரியும்.

சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. "அதுல போட்டிருக்கிற பாட்டையெல்லாம் எடுத்துடாதடா, நான் செலக்ட் பண்ணது."